‘அன்ஃபேஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: பாராட்டா, குறையா?

ஏப்ரல் 22, இரவு. கேள்வி

கோத்தகிரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். வேறு இடத்துக்கு அப்ளை பண்ண, மேனேஜரிடம் ஒரு லெட்டர் கேட்டேன். நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு வரி புரியவில்லை. சீசன் கூட்டத்திலும் சரி, சத்தம் போடும் கெஸ்ட் முன்னாலும் சரி, இவர் ‘அன்ஃபேஸ்ட்’ என்று இருக்கிறது. எங்கள் சித்தப்பா படித்துவிட்டு, “எதையும் கண்டுக்காத பொண்ணுன்னு எழுதியிருக்கான், இதைக் கொண்டுபோய்க் கொடுக்காதே” என்கிறார். ஸ்பெல்லிங்கில் கடைசியில் எஃப், ஏ, இஸட், ஈ, டி வருகிறது. டீச்சர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை இன்டர்வியூ.

ஏப்ரல் 22, இரவு, கொஞ்சம் கழித்து

பாராட்டுதான்மா. தைரியமாகக் கொடுங்கள். ‘எது வந்தாலும் அசராதவர்’ என்று எழுதியிருக்கிறார். விவரம் நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 23, காலை

குன்னூரில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த வார்த்தையை அகராதியைப் பார்த்து மட்டும் கற்றுக்கொண்டால் தப்பாகத்தான் பயன்படுத்துவோம்.

‘ஃபேஸ்’ (இஸட் உள்ளது) என்றால் ஒருவரை ஒரு கணம் நிலை தடுமாற வைப்பது. பயமுறுத்துவது இல்லை, வருத்தப்பட வைப்பதும் இல்லை. கையில் இருக்கும் காரியம் நின்று, ‘இப்ப என்ன பண்றது’ என்று மனசு ஒரு நொடி வெறுமையாகிறதே, அதுதான். யாருக்கு அப்படி ஆகவில்லையோ அவர் ‘அன்ஃபேஸ்ட்’.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் காட்டெருமை. சாயங்காலம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒன்று இறங்கி வந்து ரோட்டில் நிற்கும். சுற்றுலா வந்தவர் காரைப் பின்னுக்கு எடுப்பதா, ஹாரன் அடிப்பதா என்று தெரியாமல் பதறுவார். நம் ஊர்ப் பாட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார், அது போனதும் நடப்பார். பாட்டிக்கு மாட்டிடம் பயம் இல்லை என்று சொல்லவே முடியாது. நிறையவே உண்டு, அதனால்தான் தள்ளி நிற்கிறார். ஆனால் அவர் தடுமாறவில்லை, என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வீரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் புரிய வைப்பேன்.

வாக்கியத்தில் எது எங்கே உட்காரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அசைப்பது சம்பவம், அசைக்கப்படுவது ஆள். ‘த க்ரௌட் டிடின்ட் ஃபேஸ் ஹர்’ என்றால் கூட்டத்தைப் பார்த்து அவர் அசரவில்லை. நம் பிள்ளைகள் தமிழில் யோசித்து ‘ஷீ டிடின்ட் ஃபேஸ் த க்ரௌட்’ என்று திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். தமிழில் அசருகிறவர்தான் எழுவாய், ஆங்கிலத்தில் அசர வைப்பது எழுவாய். அதனால் வரும் குழப்பம்.

ஏப்ரல் 23, மதியம்

ஊட்டியிலிருந்து ஒரு அண்ணா எழுதியிருக்கிறார்: “மேனேஜர் ஸ்பெல்லிங்கை மாத்திட்டார், பி, ஹெச் போட்டுத்தான் எழுதணும்.” இல்லைங்கண்ணா. மேனேஜர் எழுதியிருப்பதுதான் சரி. பி, ஹெச் போடுவது வேறு சொல், உச்சரிப்பு மட்டும் ஒன்று. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே ‘தோற்றம்’ என்று பொருள். நிலா தேய்வதும் வளர்வதும் அதன் ‘ஃபேஸ்’கள். ஒரு வேலையை முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரிப்பதும் அதே சொல். காற்று அடித்து வீட்டில் பாதி லைட் மங்கினால் “ஒரு ஃபேஸ் போச்சு” என்று லைன்மேனைக் கூப்பிடுகிறோமே, அதுவும் அதுதான்.

இஸட் போட்டதன் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே அதற்குத் ‘துரத்து, விரட்டியடி’ என்று பொருள். பல நூற்றாண்டுகள் வட்டார வழக்கில் வெவ்வேறு எழுத்துகளோடு கிடந்து, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இப்போதைய பொருளோடு எழுந்து வந்தது. ஆங்கிலேயர்களே எழுத்தைக் குழப்பிக்கொள்வது புதிதல்ல. ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகம் ஒன்று, குடித்திருக்கும் ஒருவன் மதுக்கடைக்காரியிடம் “உன்னைப் பார்த்துக்கறேன்” என்று உறுமுவதோடு தொடங்கும். அங்கே இந்தச் சொல்லின் பழைய வடிவம் பி, ஹெச் போட்டுத்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு அப்படி எழுதினால் பிழை. இன்டர்நெட்டில் அந்தப் பிழை நிறையக் கிடக்கிறது. அதைப் பார்த்து எழுத வேண்டாம்.

இன்னொரு தொல்லை நம் எழுத்தில். முகம் என்ற ‘ஃபேஸ்’, கட்டம் என்ற ‘ஃபேஸ்’, தடுமாற வைக்கும் ‘ஃபேஸ்’, மூன்றையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. அதனால் கரும்பலகையில் இந்தச் சொல்லுக்கு மட்டும் இஸட்டைச் சிவப்பு சாக்பீஸில் போடுவேன்.

ஏப்ரல் 24, இரவு

இதை முந்தாநாளே சொல்லியிருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

இந்த வினைச்சொல் ‘இல்லை’யோடுதான் வாழ்கிறது. ‘நத்திங் ஃபேஸஸ் ஹர்’, ‘இட் டிடின்ட் ஃபேஸ் மீ’, ‘டோன்ட் லெட் இட் ஃபேஸ் யூ’, ‘அன்ஃபேஸ்ட்’. கேள்வியிலும் வரும்: ‘டஸ் எனிதிங் ஃபேஸ் யூ?’ மறுப்பும் இல்லாமல், கேள்வியும் இல்லாமல் வெறுமே ‘அது என்னை ஃபேஸ் பண்ணியது’ என்பது போல எழுதினால் தப்பில்லை, ஆனால் காதுக்கு ஏதோ குறையும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்த இடத்தில் வேறு சொல்லை எடுப்பார்கள்.

தமிழில் இதற்குச் சமமான சொல் தேடும்போது நம்மவர்கள் ‘நிலைகுலையச் செய்’, ‘கலங்கடி’ என்று போய்விடுகிறார்கள். பத்திரிகைத் தலைப்புக்கு அது ஆகும். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? பேச்சில் நாம் சொல்வது ‘அசரலை’, ‘அலட்டிக்கலை’, ‘சட்டை பண்ணலை’. இந்த மூன்றிலும் ‘இல்லை’ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். ‘அவன் அதைச் சட்டை பண்ணினான்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘அசந்துட்டேன்’ உண்டு, ஆனால் அது ஆச்சரியம், அல்லது களைப்பில் கண்ணயர்ந்துவிட்டது. மறுப்பைக் கழற்றியதும் சொல்லே வேறு ஊருக்குப் போய்விடுகிறது. ஆகவே இதைக் கற்றுக்கொள்ள நமக்குத் தமிழே கைகொடுக்கும். ‘அசரலை’ என்று உங்கள் வாயில் வரும் இடத்தில் தயங்காமல் போடுங்கள். ‘அசந்துட்டேன்’ என்று வரும் இடத்தில் போடவே போடாதீர்கள்.

இன்னும் பின்னால் போனால் வள்ளுவரும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார். 63-ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. இரண்டும் மறுப்பில் அமைந்த பெயர்கள். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

ஏப்ரல் 25, காலை

தங்கச்சிக்கு இன்றைக்கு இன்டர்வியூ. நன்றாகச் செய்யுங்கள்மா. அந்த வரியைப் பற்றிக் கேட்டால் சீசனில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். சொல்லின் அர்த்தத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 27

கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “டீச்சர், ‘ஸ்பூக்’குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சஃபாரி ஜீப்புல வர்றவங்க ‘டோன்ட் ஸ்பூக் தி எலிஃபென்ட்’னு சொல்றாங்க.”

அது மிரள வைப்பது. அவ்வளவு பொருத்தமான தமிழ்ச் சொல் மற்ற எதற்கும் இல்லை. ஊட்டி ஏரிப் பக்கம் குதிரை பிடிக்கிறவர்கள் “மிரண்டுடும், பின்னாடி நிக்காதீங்க” என்பார்களே, அதுதான். டச்சு மொழியில் பேய்க்கு வழங்கிய பெயர் அமெரிக்கா வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. யானைக்கும் குதிரைக்கும் தாராளமாகச் சொல்லலாம். மிரண்டால் கால் ஓடும், ‘ஃபேஸ்’ ஆனால் கால் நின்றுவிடும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்காவில் அதையே பெயர்ச்சொல்லாக ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசை. வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப் போகிறவர் என்பதால் சொல்கிறேன்.

‘ராட்டில்’ என்றால் ஆடிப்போக வைப்பது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மறுப்பு இல்லாமலும் நன்றாக நிற்கும். ‘ஐ வாஸ் ராட்டில்ட்’ என்று தயங்காமல் சொல்லலாம். போன குறிப்பில் ‘வேறு சொல்லை எடுப்பார்கள்’ என்றேனே, அடிக்கடி எடுப்பது இதைத்தான்.

ஏப்ரல் 28

பி, ஹெச் போடச் சொன்ன ஊட்டி அண்ணா மறுபடி வந்திருக்கிறார். “நம்ம ஊர் ஆங்கிலத்துக்குக் கொடுத்த வினைச்சொல்லை விட்டுட்டீங்களே, ஸ்னூக்கர்!” என்று கேட்கிறார். அருமையான ஞாபகம். தலைப்பை விட்டு விலகினாலும் சொல்லத்தான் வேண்டும்.

மேசை மேல் கோலால் பந்தை அடிக்கும் இந்த ஆட்டம் உருவானது ஜபல்பூரில், 1875-இல், அங்கிருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடையே. முதலாண்டு ராணுவப் பயிற்சி மாணவனைக் கிண்டலாகக் கூப்பிடும் சொல்லை நெவில் சேம்பர்லின் என்ற அதிகாரி அந்த ஆட்டத்துக்குப் பெயராக்கினார். (பின்னால் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அதன் விதிகள் எழுதப்பட்டு மாட்டப்பட்டது 1882-இல், நம் ஊட்டி கிளப்பில். குறி வைக்க வேண்டிய பந்துக்கு நேர் வழி இல்லாதபடி எதிராளியை மறித்து நிறுத்துவதும் ஸ்னூக்கர்தான். அதிலிருந்து ‘ஐ வாஸ் ஸ்னூக்கர்ட்’ என்றால் வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன் என்று ஆனது.

ஆனால் அண்ணா, அது மனத்தடுமாற்றம் இல்லை. மாட்டிக்கொண்டவர் அமைதியாக இருந்தாலும் மாட்டிக்கொண்டவரே. நல்ல ஆட்டக்காரர் ஸ்னூக்கரில் சிக்கியும் அசராமல் மேசையைச் சுற்றி வந்து கோணம் பார்ப்பார். இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாம் என்பதே அவை வேறு வேறு என்பதற்குச் சாட்சி.

மே 2

தங்கச்சி எழுதியிருப்பதைப் படித்தேன். வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசியில் நீங்கள் எழுதியிருக்கும் வரி என்னைத் தூங்கவிடவில்லை. “டீச்சர், அந்த லெட்டர்ல எழுதினது உண்மையில்ல. போன வருஷம் ஒருத்தர் சாவியைத் தூக்கி கவுன்டர் மேல எறிஞ்சப்ப உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டுதான் நின்னேன். சிரிச்சுக்கிட்டே வேற ரூம் பார்த்துக் கொடுத்தேன். அவர் போனதுக்கப்புறம் ஸ்டோர் ரூம்ல போய் அழுதேன்.”

இதை யோசித்தபடியே இரண்டு வேளை தேநீரை ஆறவிட்டேன். நீங்கள் சொல்வது இந்தச் சொல்லின் மையத்தைத் தொடுகிறது.

‘அன்ஃபேஸ்ட்’ என்பது வெளியே தெரிந்ததை மட்டும் சொல்லும் வார்த்தை இல்லை. உள்ளேயும் ஒன்றும் அசையவில்லை என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மேனேஜர் உங்கள் முகத்தைப் பார்த்தார், மனசும் அப்படியே இருந்தது என்று எடுத்துக்கொண்டார். நல்லெண்ணத்தில்தான் எழுதினார், சந்தேகமில்லை. ஆனால் நடந்தது வேறு. நீங்கள் அசைந்தீர்கள், அசைந்ததை அடக்கினீர்கள், அடக்கிக்கொண்டே வேலையையும் முடித்தீர்கள். அது உழைப்பு. ஒரு பெட்டியை மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனால் வியர்க்கிறது, அதை உழைப்பு என்கிறோம். இதற்கு வியர்வை வெளியே தெரிவதில்லை, அதனால் கணக்கில் வருவதில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வேறு சொல் இருக்கிறது: ‘கம்போஸ்ட்’. ‘ஷீ கெப்ட் ஹர் கம்போஷர்’ என்றும் சொல்லலாம். சிதறப் பார்த்ததைச் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டார் என்ற பொருள் அதன் வேரிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘சேர்த்து வைப்பது’ என்பதிலிருந்து வந்தது. ‘அன்ஃபேஸ்ட்’ என்பவருக்குச் செலவே இல்லை. ‘கம்போஸ்ட்’ என்பவர் தன் கையிலிருந்து செலவழித்திருக்கிறார்.

தமிழிலும் இரண்டும் தனித்தனியே உண்டு. அசராதவர் ஒருவர், பொறுத்துக்கொண்டவர் இன்னொருவர். ‘பொறுத்துக்கொண்டார்’ என்னும்போது பொறுப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

மலையில் விடுதி, பேக்கரி, டாக்ஸி, படகுத்துறை என்று எங்கே பார்த்தாலும் வந்தவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பதே வேலையின் பாதி. மே மாதம் கீழே வெயில் கொளுத்த, எல்லோரும் மேலே ஏறி வருவார்கள். ரூம் கிடைக்காது, வெந்நீர் வராது, குரங்கு ஜன்னல் வழியாகப் புகுந்து பழத்தை எடுத்துக்கொண்டு போகும். எல்லாக் கோபமும் கவுன்டரில் நிற்கும் பெண்ணிடம் வந்து இறங்கும். “நம்ம பொண்ணுங்களுக்கு எதுவும் ஒட்டாது” என்று நாமே பெருமையாகச் சொல்லும்போது, ஒட்டியதைத் தனியாக உட்கார்ந்து உரித்துப் போடுகிறவர்களை நாமும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

மே 3

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும் என்று ஒரு வாசகர் சொல்கிறார்: “அப்படின்னா ‘அன்ஃபேஸ்ட்’ங்கிறது எப்பவுமே பொய்யா?” இல்லைங்க. உண்மையாகவே அசராதவர்கள் இருக்கிறார்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பழகிய டிரைவருக்கு அந்தப் பாதை ஒன்றும் செய்யாது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வரலாம். அவருக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும். நான் சொல்வது, அடுத்தவருக்கு இந்தச் சொல்லைக் கொடுக்கும் முன் அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான். தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டால் பிரச்சினை இல்லை.

மே 6

சித்தப்பாவை நான் முழுக்கத் தள்ளிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னதிலும் ஒரு நூலளவு உண்மை இருக்கிறது. செய்தித்தாளில் ‘எதிர்ப்புகளைக் கண்டு அன்ஃபேஸ்ட் ஆக’ ஒரு நிர்வாகம் திட்டத்தைத் தொடர்ந்தது என்ற மாதிரி வரும். அங்கே அது நிதானமா, காது கேளாமையா? எழுதியவர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. எதற்கு அசரவில்லை என்பதுதான் தீர்மானிக்கிறது. தொல்லைக்கு அசராவிட்டால் நிதானம், பிறர் துன்பத்துக்கு அசராவிட்டால் கல்நெஞ்சு. உங்கள் லெட்டரில் கூட்டமும் சத்தமும் என்று இருந்ததால் கவலையில்லை. அதே இடத்தில் ‘புகார்களுக்கு அன்ஃபேஸ்ட்’ என்று இருந்திருந்தால் நானும் சித்தப்பா பக்கம்தான் நின்றிருப்பேன்.

மே 11

குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனிலிருந்து ஒரு ஐயா, சபையில் ஆங்கில வேதாகமம் வாசிக்கிறவர், ‘டிஸ்கம்ஃபிட்’ பற்றிக் கேட்டிருக்கிறார். 1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், யாத்திராகமம் 17-இல் யோசுவா அமலேக்கியரை ‘டிஸ்கம்ஃபிட்’ செய்தான் என்று வருகிறதே, சங்கடப்படுத்தினானா என்று.

ஐயா, அந்தக் காலத்தில் அதற்குப் போரில் தோற்கடிப்பது என்றே பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. தமிழில் ‘முறிய அடித்தான்’ என்று போட்டிருப்பது மிகச் சரி. பிற்பாடு ‘டிஸ்கம்ஃபர்ட்’ பக்கத்திலேயே இருந்ததால் இரண்டும் கலந்து, தர்மசங்கடப்படுத்துவது என்ற மென்மையான பொருளுக்கு இறங்கிவிட்டது. இப்போது பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் வருகிறது, பழைய பொருளை விட மாட்டோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இஸட் போட்ட நம் சொல்லும் அதே மாதிரிதான் துரத்தியடிப்பதிலிருந்து தடுமாற வைப்பதுக்கு இறங்கி வந்திருக்கிறது.

மே 19

மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் இரண்டு வாரமாக வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, எல்லோரும் கடைகளில் உதவிக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களுக்கு ‘அன்ஃபேஸ்ட்’, ‘கம்போஸ்ட்’ இரண்டையும் பலகையில் போட்டு, உங்கள் கதையைப் பெயர் இல்லாமல் சொன்னேன். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண், “எங்க அம்மா கம்போஸ்ட், எங்க பாட்டி அன்ஃபேஸ்ட்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “அம்மாவுக்குக் கொழுந்து எடை குறைச்சுப் போட்டா கணக்குப்பிள்ளைகிட்ட ஒண்ணும் பேசாம வந்து வீட்ல பாத்திரத்தை டொம்முனு வைப்பாங்க. பாட்டி அங்கயே நின்னு ‘மறுபடி போடு’ன்னு சொல்லிட்டு வெத்தலை போடும்.” இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

ஜூன் 4

தங்கச்சி, புது இடத்திலும் ஒரு லெட்டர் வாங்க வேண்டி வரும் என்று கேட்டதால், மேனேஜரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஷீ ஸ்டேய்ஸ் கம்போஸ்ட் வித் டிஃபிகல்ட் கெஸ்ட்ஸ் அண்ட் ஃபைன்ட்ஸ் தெம் எ சொல்யூஷன்.’ சண்டை போடும் விருந்தினரிடமும் நிதானம் இழக்காமல் தீர்வு கண்டு கொடுக்கிறார் என்று அர்த்தம். இரண்டாவது பாதி முக்கியம், விட்டுவிடாதீர்கள். பொறுமை மட்டும் எழுதினால் இன்னும் பொறுக்கச் சொல்வார்கள், தீர்வு கண்டதையும் எழுதினால் சம்பளம் பேசலாம்.

ஜூன் 5

உச்சரிப்பு கேட்டவருக்கு: தொண்டையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுங்கள், ஒன்றும் தெரியாது. தேனீ ரீங்கரிப்பது போல இழுங்கள், விரலில் அதிர்வு தெரியும். ‘அன்ஃபேஸ்ட்’டில் அந்த அதிரும் ஒலிதான் வேண்டும், கடைசியிலும் ‘ட்’ மெதுவாக, ‘டு’வுக்குப் பக்கத்தில் முடிய வேண்டும். அதிராமல் சொன்னால் முகம் சம்பந்தப்பட்ட ‘ஃபேஸ்ட்’ ஆகிவிடும். பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது.